கண் கண்டதை நாவு சொல்லட்டும்



பிழைப்பைத் தேடிச் சொந்த ஊரை விட்டுப் பெருநகரங்களில் வந்து குடியேறிய நம்முடைய குடும்பங்களில், உபவாச ஜெபத்திற்கு விண்ணப்பக் குறிப்பு எழுதித் தரும்படி கேட்டால் ஒரு குறிப்பு தவறாமல் வரும். "பிள்ளைக்கு ஆங்கிலம் வரவேண்டும்" என்பதே அது. வேலை, வீடு, சுகம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக இந்த விண்ணப்பத்தையே நான் அதிகமாகப் பார்த்திருக்கிறேன். மும்பையில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படிப்பைத் தொடங்கி, உயர்வகுப்பில் ஆங்கிலவழிக்கு மாறவேண்டிய பிள்ளைகளின் தவிப்பை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இந்த விண்ணப்பத்தின் கண்ணீர் புரியும். நேற்றுவரை வகுப்பில் முதலாவதாக நின்ற பிள்ளை, இன்று ஆசிரியர் கேட்கும் கேள்வியே புரியாமல் தலைகுனிந்து நிற்கிறது. அறிவு குறைந்துபோகவில்லை, சொல் இல்லை, அவ்வளவுதான்.

பிரியமானவர்களே, ஜெபிப்போம், நிச்சயமாக ஜெபிப்போம். ஆனால் திக்குவாயனென்று தன்னைச் சொல்லிக்கொண்ட மோசேயிடம் கர்த்தர் முதலாவது கேட்டது, அவன் கையில் இருப்பது என்ன என்பதையே. அவன் கையில் ஒரு கோல் இருந்தது. இன்றைக்கு நம்மில் ஏறக்குறைய எல்லார் கையிலும் ஒரு கைப்பேசி இருக்கிறது. அதைக்கொண்டு ஆங்கிலச் சொற்களைப் பிள்ளைகளுக்கும், வேலைக்குப் போகும் சகோதரிகளுக்கும் எப்படிக் கற்றுக்கொடுக்கலாம் என்பதை, எங்கள் சபைக் கூடத்தில் சனிக்கிழமை மாலைதோறும் நடத்திவரும் சிறு வகுப்பின் அனுபவத்திலிருந்து உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பொருள் முன்னே, பெயர் பின்னே

ஆதியாகமத்தை வாசிக்கும்போது ஓர் ஒழுங்கைக் கவனித்திருக்கிறீர்களா? தேவன் ஆதாமிடம் பெயர்களின் பட்டியல் ஒன்றைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. மிருகங்களையும் பறவைகளையும் அவனிடத்தில் கொண்டுவந்தார், அவன் பார்த்தான், பார்த்தபின் பெயரிட்டான். எரேமியாவை ஊழியத்திற்கு அழைத்தபோதும் அப்படியே. கர்த்தர் அவனிடம் எதைக் காண்கிறாய் என்று கேட்டார். வாதுமைமரத்தின் கிளையைக் காண்கிறேன் என்று அவன் பெயர் சொன்னான். எபிரெய மொழியில் வாதுமையைக் குறிக்கும் சொல்லும் விழித்திருப்பதைக் குறிக்கும் சொல்லும் ஒரே வேரிலிருந்து வருபவை. கண்ட கிளையின் பெயரிலேயே கர்த்தர் தம் செய்தியையும் வைத்திருந்தார்.

நாமோ தலைகீழாகச் செய்கிறோம். இருபது ஆங்கிலச் சொற்களை நோட்டில் எழுதி, எதிரே தமிழ் அர்த்தத்தை எழுதி, ஒப்புவிக்கச் சொல்லுகிறோம். பிள்ளை திங்கட்கிழமை ஒப்புவிக்கிறது, வியாழக்கிழமை மறந்துபோகிறது.

படத்தைக் காட்டிச் சொல்லைக் கற்பிக்கும் முறையைப் புத்தகமாக்கி உலகத்துக்குத் தந்தவர்களில் முக்கியமானவர் ஒரு தேவ ஊழியர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அவர் பெயர் யோவான் ஆமோஸ் கொமேனியஸ். 1592ஆம் ஆண்டு மொராவியா தேசத்தில் பிறந்தவர். சகோதரர் ஐக்கியம் என்னும் சபையின் கண்காணி. முப்பதாண்டு யுத்தத்தினால் சொந்த தேசத்தை விட்டுத் துரத்தப்பட்டார். மனைவியையும் பிள்ளைகளையும் கொள்ளைநோயில் இழந்தார். 1656இல் போலந்திலுள்ள லெஷ்னோ நகரம் எரிக்கப்பட்டபோது, அவர் ஆயுசுகாலமெல்லாம் எழுதி வைத்திருந்த கையெழுத்துப் பிரதிகளும் சாம்பலாயின. அதற்கு இரண்டே ஆண்டுகள் கழித்து, 1658இல், நியூரம்பெர்க் நகரத்தில் அவருடைய படப் புத்தகம் வெளிவந்தது. பிள்ளைகள் லத்தீன் மொழியைக் கண்ணீரில்லாமல் கற்றுக்கொள்ளும்படி, நூற்றைம்பது பாடங்களுக்கு மரச்செதுக்குப் படங்கள். படத்திலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். அதே எண் கீழேயுள்ள சொல்லின் அருகிலும் இருக்கும். தேவனைப் பற்றிய பாடத்தில் தொடங்கி, நியாயத்தீர்ப்பைப் பற்றிய பாடத்தில் முடியும். மறு ஆண்டே அது ஆங்கிலத்திலும் வந்தது.

ஊர்விட்டு ஊர் அலைந்த ஒரு மனிதர், அந்நிய மொழிக்கு நடுவே திகைத்து நிற்கும் பிள்ளைகளை நினைத்துச் செய்த வேலை இது. நம்மைப்போன்ற குடிபெயர்ந்த ஜனங்களுக்கு இதைவிட நல்ல முன்மாதிரி வேறென்ன வேண்டும்? அவருக்கு மரத்தில் செதுக்கப்பட்ட படங்களே கிடைத்தன. நமக்கோ 2001ஆம் ஆண்டில் கூகுள் படத்தேடல் வந்தது. 2004இல் விக்கிமீடியா காமன்ஸ் என்னும் இலவசப் படக்களஞ்சியம் வந்தது. 2017இல், கேமராவைப் பொருளுக்கு நேராகப் பிடித்தால் அது இன்னதென்று சொல்லும் கூகுள் லென்ஸ் வந்தது. வாய்ப்பு பெருகியிருக்கிறது, பயன்படுத்துகிறோமா என்பதே கேள்வி.

மொழிபெயர்ப்பு மறைப்பதைப் படம் காட்டும்

தமிழ் அர்த்தம் எழுதிக் கொடுத்தால் போதாதா, படம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். போதாது. ஏனென்றால் இரண்டு மொழிகள் உலகத்தை ஒரேவிதமாகப் பங்கிடுவதில்லை.

நாம் வயலில் இருப்பதை நெல் என்கிறோம், கடையில் வாங்குவதை அரிசி என்கிறோம், தட்டில் பரிமாறுவதைச் சோறு என்கிறோம். ஆங்கிலத்தில் பின்னிரண்டுக்கும் 'ரைஸ்' என்ற ஒரே சொல்தான். அந்தச் சொல்லைப் படத்தேடலில் இட்டுப் பாருங்கள். மூட்டை அரிசியும் ஆவி பறக்கும் சோறும் அடுத்தடுத்து வந்து நிற்கும். 'பேடி' என்று இட்டால் பச்சை வயல் வரும். விளக்கமே தேவையில்லை, பிள்ளை தானாகப் புரிந்துகொள்ளும்.

இதற்கு எதிரான நிலையும் உண்டு. நமக்குப் புத்தகம் மேசையின் மேல் இருக்கிறது. மின்விசிறியும் மேசைக்கு மேல்தான் சுற்றுகிறது. ஆங்கிலத்தில் ஒட்டியிருப்பது 'ஆன்'. ஒட்டாமல் உயரே இருப்பது 'அபவ்'. இதை இலக்கணமாகச் சொன்னால் கொட்டாவி விடுகிற பிள்ளைகள், இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு நிமிடத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். 'கிரேன்' என்ற சொல்லுக்கு நீண்ட கழுத்துள்ள பறவையும் வருகிறது, கட்டடம் கட்டும் இடத்தில் பாரம் தூக்கும் இயந்திரமும் வருகிறது. கட்டட வேலை செய்யும் ஒரு சகோதரரின் மகன் இரண்டையும் பார்த்துவிட்டு, "ரெண்டுக்கும் கழுத்து ஒரே மாதிரி இருக்கு டீச்சர்" என்றான். அந்த இயந்திரத்திற்கு அந்தப் பெயர் வந்த காரணமே அதுதான். சொல்லித் தராமலே கண்டுபிடித்துவிட்டான்!

இது வெறும் பள்ளிக்கூட விஷயம் என்று நினைத்துவிடாதிருங்கள். எங்கள் சபையில், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து சில மாதங்களே ஆகியிருந்த ஒரு சகோதரி ஒருநாள் தனியாக மருத்துவமனைக்குப் போனார். இந்தி வரவில்லை. தெரிந்த ஆங்கிலத்தில், 'ஹேண்ட் பெயின்' என்றார். இளம் மருத்துவர் உள்ளங்கையையும் மணிக்கட்டையும் அழுத்திப் பார்த்தார். களிம்பு எழுதிக் கொடுக்கப் போனார். பக்கத்தில் நின்ற மலையாளச் செவிலியர் ஒருவர், தமிழ் அறிந்தவர், "எங்கேம்மா வலிக்குது, தொட்டுக் காட்டுங்க" என்றார். சகோதரி இடது தோளிலிருந்து முழங்கைவரை தடவிக் காட்டி, நெஞ்சுக்கும் கையை வைத்தார். உடனே இதயத்துடிப்பை வரைபடமாக எடுக்கும் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். தக்க நேரத்தில் சிகிச்சை தொடங்கியது. இன்று அவர் நம்மோடு ஆராதிக்கிறார், தேவனுக்கே மகிமை.

இதில் அந்த மருத்துவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. தமிழில் தோள்முதல் விரல்வரை எல்லாம் கைதான். ஆங்கிலத்தில் மணிக்கட்டுக்குக் கீழே 'ஹேண்ட்', மேலே 'ஆர்ம்'. இடுப்புக்குக் கீழே நமக்கு எல்லாம் கால். அவர்களுக்குக் கணுக்காலுக்கு மேலே 'லெக்', கீழே 'ஃபுட்'. நாம் தலைசுற்றினாலும் மயக்கம் என்கிறோம், நினைவு தப்பினாலும் மயக்கம் என்கிறோம். மருத்துவருக்கு அவை இரண்டு வெவ்வேறு காரியங்கள். அந்தச் சம்பவத்துக்குப் பின்பு எங்கள் வகுப்பில் பெரியவர்களுக்கு முதலாவது கற்பிப்பது உடல் உறுப்புகளின் படமே. ஒரு மனித உருவத்தை அச்செடுத்துச் சுவரில் மாட்டியிருக்கிறோம். கொமேனியஸ் செய்ததுபோலவே எண்கள் இட்டு, சொற்களைப் பக்கத்தில் எழுதியிருக்கிறோம். சகோதரிகள் தங்கள் உடலையே தொட்டுத் தொட்டுச் சொல்லிப் பழகுகிறார்கள்.

நாங்கள் செய்யும் முறை

வசதி மிகுந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடியதல்ல இது. ஒரு கைப்பேசியும், தெருமுனையில் ஒரு ஜெராக்ஸ் கடையும், கொஞ்சம் பொறுமையும் போதும்.

முதலாவது, வாரத்திற்குப் பத்துச் சொற்களுக்கு மேல் எடுக்காதிருங்கள். அவற்றையும் ஒரே இடத்தைச் சேர்ந்தவையாக எடுங்கள்: அடுக்களை, பேருந்து நிறுத்தம், மருந்துக்கடை, வகுப்பறை. வீட்டு வேலைக்குப் போகும் சகோதரிகளுக்கு அடுக்களைச் சொற்கள் சம்பளத்தோடு சம்பந்தப்பட்டவை. நமக்குப் பலவும் கரண்டிதான். ஆனால் குழம்பு அள்ளுவது 'லேடில்', தோசை திருப்புவது 'ஸ்பாச்சுலா', மருந்து குடிப்பது 'ஸ்பூன்'.

இரண்டாவது, ஒரு சொல்லுக்கு ஒரே படத்தைக் காட்டாமல் மூன்று படங்களைக் காட்டுங்கள். 'சேர்' என்பதற்குச் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை மட்டும் காட்டினால், சிறு பிள்ளை சிவப்பு நிறத்துக்கே அந்தப் பெயர் என்று எண்ணக்கூடும். மர நாற்காலி, சக்கர நாற்காலி, சபையில் போட்டிருக்கும் மடக்கு நாற்காலி ஆகிய மூன்றையும் பார்த்தபின்தான் பொருள் தெளிவாகும். படத்தேடலின் பெரிய நன்மை இதுவே. அகராதி ஒரு படம் தரும், இதுவோ நூறு தரும்.

மூன்றாவது, படத்தைக் காட்டியவுடனே பெயரைச் சொல்லிவிடாதிருங்கள். "இது என்ன? எங்கே பார்த்திருக்கிறாய்? வீட்டில் யார் இதைப் பயன்படுத்துகிறார்கள்?" என்று கேளுங்கள். பிள்ளையின் மனதில் ஆவல் எழும்பியபின் சொல்லைக் கொடுங்கள். ஓசையை முதலில் கேட்கட்டும், பின்பு தானே சொல்லட்டும், கடைசியில் எழுத்துக்கூட்டட்டும். படமும் சொல்லும் சேர்ந்து வரும்போது மனம் அவற்றை இரண்டு வழிகளில் பதித்து வைக்கிறது என்று கனடா நாட்டு உளவியலாளர் ஆலன் பைவியோ 1971இல் விளக்கினார். ஒரு வழி அடைபட்டாலும் மற்றொரு வழியாக நினைவு வந்து சேரும்.

நான்காவது, திரும்பக் கேட்கும் ஒழுங்கு. படத்தை அட்டையின் ஒருபுறமும் சொல்லை மறுபுறமும் ஒட்டி, மூன்று இனிப்புப் பெட்டிகளை வைத்துக்கொள்ளுங்கள். புதிய அட்டைகள் முதற்பெட்டியில். அதைத் தினமும் கேட்கவேண்டும். சரியாகச் சொன்ன அட்டை இரண்டாம் பெட்டிக்குப் போகும்; அதை வாரத்துக்கு ஒருமுறை கேட்டால் போதும். அதிலும் சரியாகச் சொன்னால் மூன்றாம் பெட்டி, மாதத்துக்கு ஒருமுறை. தவறினால் எந்தப் பெட்டியிலிருந்தும் முதற்பெட்டிக்குத் திரும்பும். 1972இல் ஜெர்மானிய எழுத்தாளர் செபாஸ்டியன் லைட்னர் பரவச்செய்த முறையின் எளிய வடிவம் இது. குடும்ப ஜெபம் முடிந்தபின் பத்து நிமிடம் ஒதுக்கினால் தாராளம்.

தாய்மாருக்கும் பங்கு உண்டு

"எனக்கே ஆங்கிலம் தெரியாது, பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பேன் சிஸ்டர்?" என்று கேட்கிற தாய்மார்களே, உங்களிடம் இருக்கிற செல்வத்தை நீங்கள் அற்பமாக எண்ணாதிருங்கள். மும்பையில் வளரும் நம் பிள்ளைகள் உருளைக்கிழங்கை 'பட்டாட்டா' என்றும் 'ஆலு' என்றும் அறிந்திருக்கிறார்கள். பள்ளியில் 'பொட்டேட்டோ' என்கிறார்கள். தமிழ்ப் பெயரைக் கேட்டால் விழிக்கிறார்கள். அட்டையின் பின்புறம் மூன்று வரிகள் எழுதுங்கள்: தமிழ், மராத்தி அல்லது இந்தி, ஆங்கிலம். பிள்ளை ஆங்கிலத்தைச் சொல்லட்டும். நீங்கள் தமிழைச் சொல்லுங்கள். அங்கே ஆசிரியர் ஒருவர், மாணவர் ஒருவர் என்றில்லை. இருவரும் இருவருக்கும் கற்றுக்கொடுக்கிறீர்கள். எங்கள் வகுப்பில் ஓர் ஆயா, பேத்தியிடம் ஆங்கிலம் கேட்டுக் கேட்டே மருந்துச் சீட்டில் காலை, இரவு என்று குறித்திருக்கும் ஆங்கிலச் சொற்களை அடையாளம் காணப் பழகிவிட்டார்.

வேதாகமச் சொற்களுக்கும் இதே முறை உதவுகிறது. அடுக்குமாடிகளுக்கு நடுவில் வளரும் பிள்ளைக்கு நுகம் எது, களம் எது, செக்கு எது? ஆங்கில ஆராதனையில் 'யோக்' என்ற சொல்லைக் கேட்ட ஒரு சிறுவன், முட்டையின் மஞ்சள் கருவென்றே வெகுநாள் நினைத்திருந்தான். இரண்டு சொற்களுக்கும் ஓசை ஒன்றுதான். இரண்டு மாடுகள் ஒரே நுகத்தில் பூட்டப்பட்டு உழுகிற படத்தைக் காட்டியபோது, ஆண்டவர் நம்மை அழைத்துச் சுமத்தும் நுகம் என்னவென்று அவனுக்கு விளங்கியது. தனியாக இழுக்கச் சொல்லவில்லை, கூடவே நடக்கிறவர் ஒருவர் உண்டு என்பதை அந்தப் படத்திலிருந்து அவனே சொன்னான்.

சில எச்சரிக்கைகள்

ஞானமுள்ளவன் ஆபத்தை முன்னதாகவே காண்பான். கைப்பேசியைப் பிள்ளையின் கையில் கொடுத்துத் தேடச் சொல்லாதிருங்கள். எந்தக் குற்றமும் அறியாத ஒரு சொல்லுக்கும் கண்கள் காணத்தகாத படங்கள் வந்துவிடக்கூடும். தேடல் அமைப்பில் 'சேஃப்சர்ச்' என்ற காவலை இயக்கி வையுங்கள். அதுவும் முழுமையான காவலல்ல. ஆகவே பெரியவர்கள் முன்னதாகத் தேடி, தெரிந்தெடுத்து, அச்செடுத்து வைப்பதே சிறந்தது.

இப்பொழுது செயற்கை அறிவு வரைந்த படங்களும் தேடலில் கலந்து வருகின்றன. அவை அழகாயிருக்கும், ஆனால் சிலவற்றில் கையில் ஆறு விரல்கள் இருக்கக்கூடும், பலகையில் எழுத்துக்கள் தப்பாயிருக்கக்கூடும், இல்லாத ஒரு பறவை இருப்பதுபோல் நிற்கக்கூடும். லென்ஸ் சொல்லும் பெயரும் சிலவேளை தவறும். கிடைத்ததை எல்லாம் நம்பாமல் சோதித்துப் பார்த்து நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள். படங்களைப் புத்தகமாகவோ சபைப் பிரசுரமாகவோ அச்சிட நினைத்தால், விக்கிமீடியா காமன்ஸில் ஒவ்வொரு படத்தோடும் குறித்திருக்கும் நிபந்தனையைப் படித்து, எடுத்தவரின் பெயரையும் போடுங்கள். பிறருடைய உழைப்பை மதிப்பதும் சாட்சியே.

"நாம் படங்களை விலக்குகிறவர்களல்லவா?" என்று ஒரு மூப்பர் என்னிடம் கேட்டதுண்டு. நியாயமான கேள்வி. நாம் விலக்குவது படத்தை வணங்குவதை. பிள்ளை நாற்காலியின் படத்தைப் பார்த்து நாற்காலி என்று சொல்லக் கற்பதில் வணக்கம் எதுவுமில்லை. நம் ஆண்டவரும் வரிகொடுப்பதைப்பற்றிக் கேட்டபோது ஒரு காசைக் காட்டச் சொன்னார். யார் பெரியவன் என்று கேட்டபோது ஒரு சிறுபிள்ளையை நடுவே நிறுத்தினார். கவலைப்படுகிறவர்களுக்குப் பறவைகளையும் காட்டுப் புஷ்பங்களையும் காட்டினார். காட்டிக் கற்பிப்பது அவர் நடந்த வழி.

படத்தில் அகப்படாத சொற்கள்

கடைசியாக ஒன்று. ஒருநாள் மூத்த பிள்ளைகளுக்கு 'ஆனெஸ்டி' என்ற சொல் பாடத்தில் வந்தது. உண்மை, நேர்மை என்று பொருள்படும் அந்தச் சொல்லைத் தேடினேன். கைகுலுக்கும் இரண்டு கைகள், தராசு, அந்தச் சொல்லையே அலங்காரமாய் எழுதிய பலகைகள் என்று வந்தனவேயன்றி, நேர்மை வரவில்லை. 'ஃபெய்த்' என்று தேடினால் கூப்பிய கைகளும் சூரிய உதயமும் வருகின்றன; விசுவாசம் வருவதில்லை.

அப்போது ஒரு பெண்பிள்ளை எழுந்து, "டீச்சர், எங்க அப்பா ஆட்டோவில் யாரோ விட்டுப்போன பையை, மத்தியான சவாரியை விட்டுட்டுப் போய்த் திருப்பிக் கொடுத்தாரே, அதுதானே ஆனெஸ்டி?" என்றாள். வகுப்பு முழுவதும் அந்தச் சொல்லை அன்றைக்கே கற்றுக்கொண்டது. எந்த இணையதளமும் தராத படத்தை அந்தத் தகப்பன் தன் மகளின் மனதில் பதித்திருந்தார்.

பிரியமான பெற்றோரே, எண்ணக்கூடிய, தொடக்கூடிய பொருள்களின் படங்களை இணையத்திலிருந்து எடுத்துக்கொடுங்கள். ஆனால் பொறுமை, இரக்கம், உண்மை, அன்பு என்ற சொற்களுக்கு உங்கள் பிள்ளை வேறெங்கும் தேடமுடியாது. அவற்றுக்கு நீங்களே படம். நம்மை எல்லா மனுஷரும் வாசிக்கிற நிருபமென்று பவுல் கொரிந்து சபைக்கு எழுதியது, இன்று தாராவியிலும், செம்பூரிலும், பெங்களூரிலும், டில்லியிலும் குடியிருக்கிற நமக்கும் பொருந்தும்.

இந்த வாரமே தொடங்குங்கள். பத்துச் சொற்கள், பத்துப் படங்கள், மூன்று பெட்டிகள், பத்து நிமிடங்கள். நாவின் கட்டுகளை அவிழ்த்த தேவன், நம் பிள்ளைகளின் நாவையும் திறந்தருளி, அவர்கள் கற்கும் ஒவ்வொரு மொழியையும் தம்முடைய நாமத்தின் மகிமைக்கென்று பயன்படுத்துவாராக. ஆமென்.